இரண்டாவது மாடியில் ஒரு வெள்ளைக் குதிரை

யாராவது என் முகத்தைப் பார்த்து "நீ எப்போதாவது..." என்று ஒரு கேள்வியைத் தொடங்கினால் போதும், மீதியைக் கேட்காமலே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடும் வியாதி எனக்கு உண்டு. தூத்துக்குடியில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய வயதில் பிடித்தது. இன்றுவரை இறங்கவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் ஆளுக்கொரு தாளில் பாவங்களை எழுதிவரச் சொன்னார் சிஸ்டர். மற்ற பிள்ளைகள் சரசரவென்று எழுதித் தள்ள, என்னிடம் தம்பியைக் கிள்ளிய பாவம் ஒன்றுதான் இருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு சாமியார் முன்னால் மண்டியிடக் கூச்சமாக இருந்தது. அதனால் 'கப்பல் திருடினேன்' என்று சேர்த்துக்கொண்டேன். (எங்கள் ஊரில் என் கண்ணுக்குத் தெரிந்த பெரிய பொருள் அதுதான்.) சாமியார், "இப்ப அத எங்கம்மா வச்சிருக்க?" என்று கேட்டார். "வீட்டுல ஃபாதர்" என்றேன்.

முப்பது வருடம் கழித்து நியூ ஜெர்சியில், எங்கள் கிரீன் கார்டு போகுமா வருமா என்று ஊசலாடிய ஒரு காலை வேளையில், ஒரு அதிகாரியின் முன்னால் அதே வியாதி திரும்பி வந்தது. இந்தத் தடவை கப்பல் இல்லை, குதிரை.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு அபார்ட்மென்டின் இரண்டாவது மாடியில் நான், என் கணவர் ஜெரால்டு, அமெரிக்காவிலேயே பிறந்த மகள் ரேச்சல் மூவரும் குடியிருந்தோம். ஜெரால்டுக்கு ஒரு மருந்து கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு இன்னொரு மருந்து கம்பெனியின் லேபில் மாத்திரைகளைக் கரைத்துப் பார்க்கும் வேலை. (கரைந்தால் பாஸ். கரையாவிட்டால் மீட்டிங்.) நான் அமெரிக்கா வந்தது ஜெரால்டின் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு. அதனால் வேலை பார்க்க எனக்குத் தனியாக ஒரு அனுமதி அட்டை வேண்டும். பழைய அட்டை காலாவதியானது. நேரத்தோடு விண்ணப்பித்தும் புதியது வரவில்லை. கம்பெனியில் வருத்தத்தோடு கைகுலுக்கி, என் காபிக் கோப்பையை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த எட்டு மாதம் புது அட்டை குதிரைக் கொம்பாகவே இருந்தது.

சும்மா இருப்பது எனக்கு வராத வித்தை. முதல் மாதம் வீட்டைத் துடைத்தேன். இரண்டாவது மாதம் துடைத்த வீட்டைத் துடைத்தேன். மூன்றாவது மாதம், ரேச்சல் விளையாடிச் சலித்துப் போட்டிருந்த ஒரு ஆன்லைன் கேமை லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். தூசு தட்டலாம் என்ற எண்ணம்தான்.

அது ஒரு பெரிய தீவு. அதில் மூலிகை பறிக்கலாம், மீன் பிடிக்கலாம், ஓநாயிடம் கடி வாங்கலாம். நடுவில் ஒரு சந்தை. நிஜ மனிதர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பொம்மை உருவத்தில் அந்தச் சந்தைக்கு வந்து இல்லாத பொருட்களை வாங்கி விற்கிறார்கள். நான் கவனித்தவரை, ஒரு நீலக் காளான் காலையில் மூன்று காசு. (கேம் காசுதான்.) அதே காளான் சாயங்காலம் ஒன்பது காசு. ஏன் என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்ததில் விளங்கியது: ஸ்கூல் விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம் அது. என் அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விட்டவர். படகு வருமுன் கரையில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அந்த ரத்தம் எனக்குள் விழித்துக்கொண்டது. காலையில் காளானை அள்ளி, ஸ்கூல் பஸ் வரும் நேரத்தில் அவிழ்த்துவிட்டேன்.

இதில் எனக்குக் காசைவிட ஆட்கள்தான் அதிசயமாக இருந்தார்கள். ஒருவர் தினம் நாற்பது காளான் வாங்குவார். எதற்கு என்று கேட்டேன். மருந்து காய்ச்ச என்றார். யாருக்கு மருந்து? என் நாய்க்கு. நாய்க்கு என்ன உடம்புக்கு? இன்னும் நாய் வாங்கவில்லை, வாங்கினால் தேவைப்படுமே என்றார். இப்படிப்பட்ட முன்யோசனையை எங்கள் சொந்தக்காரர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

சந்தையின் மூலையில் ஒரு பலகை இருந்தது. அதில் மட்டும் விலை நிஜ டாலரில். விற்றால் கேம்காரர்கள் கமிஷன் எடுத்துக்கொண்டு மிச்சத்தை நம் வங்கிக் கணக்கில் போடுவார்கள். ஒரு தொப்பி பன்னிரண்டு டாலர். ஒரு வாசல் கதவு முப்பது டாலர். வீடு கிடையாது, வெறும் கதவு. ஜெரால்டிடம் காட்டினேன்.

"யாருட்டி இத வாங்குவான்?" என்றார்.

"இப்பத்தான் ஒருத்தர் வாங்கிட்டாவ. அந்தா பாருங்க."

"கதவ வாங்கி?"

"அதான் எனக்கும் தெரியல. கேட்டுட்டு வரட்டுமா?"

"நீ லேப்டாப்ப மூடிட்டு வா. சோறு ஆறுது."

ஐந்தாவது மாதம் நான் சேர்த்த காளான்களையெல்லாம் கொடுத்து ஒரு முட்டை வாங்கினேன். அதிலிருந்து ஒரு வெள்ளைக் குதிரைக்குட்டி வந்தது, முதுகில் இரண்டு சிறகுகளோடு. நாற்பது நாள் மூன்று வேளையும் தீனி போட்டால்தான் சிறகு விரியும். போட்டேன். (பெற்ற மகளுக்கு ஒரு வேளைக்குப் பாலில் கொட்டிய சீரியல்தான்.) எங்கள் கடற்கரையில் வெள்ளைக் குதிரையில் வரும் புனிதர் சந்தியாகப்பரை நினைத்து அதற்குச் சந்தியாகு என்று பெயர் வைத்தேன். ரேச்சல், "மா, தட்ஸ் த ரைடர்ஸ் நேம்!" என்றாள். குதிரைக்கு என்ன பெயர் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்றேன்.

சிறகு விரிந்த அன்றே டெக்சாஸிலிருந்து ஒருவர் செய்தி அனுப்பினார். பெயர் டக். முப்பது வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். "நானூறு டாலர் தருகிறேன்" என்றார். எதற்கு என்று வழக்கம்போலக் கேட்டேன். "அத்தனை வருடம் இருபத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் போனதில்லை. இனிமேலாவது பறக்க வேண்டும்" என்றார். கொடுத்துவிட்டேன்.

கமிஷன் போக அந்தப் பணம் வங்கிக்கு வந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஆறு மாதம் கழித்து என் பெயரில் வந்த முதல் காசு. அதை வைத்து ஜெரால்டின் பிறந்தநாளுக்கு ஒரு சாம்பல் நிறக் கோட்டும் பேண்டும் வாங்கினேன். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டின் பட்டன் பல வருடங்களாக அவர் தொப்பையைச் சுற்றி வர மறுத்துக்கொண்டிருந்தது. நான் சம்பாதித்து வாங்கியது என்று சொல்ல ஆசைதான். இல்லாத குதிரையை விற்றேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால், "சேல்ல நாப்பது டாலர்" என்றேன்.

ஜெரால்டு துணியைத் தடவிப் பார்த்தார். "நாப்பது டாலருக்கா? ரெண்டு எடுத்துருக்கலாமே ஏட்டி!"

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா ஆன்ட்டி ஒரு குண்டைப் போட்டார். எங்கள் கோவில் பங்கில் யாருக்கு என்ன விசா, எத்தனையாம் தேதி என்பதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பவர் அவர். "பெர்மிட் இல்லாத நேரத்துல ஒரு டாலர் சம்பாதிச்சாலும் போச்சும்மா. கிரீன் கார்டுல துருவித் துருவிக் கேப்பாங்க" என்றார். பொதுவாகத்தான் சொன்னார். நான் பாதிக் காபியோடு எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தக் கேம் கணக்கையே அழித்தேன். காளான், தொப்பி, விற்ற ரசீது, எல்லாம் போயிற்று. (தடயத்தை அழிப்பதாக நினைப்பு. உண்மையில் நான் அழித்தது சாட்சியத்தை. அது பின்னால் தெரிந்தது.)

பிறகு கோவிலில் பாவசங்கீர்த்தனம். வெள்ளைக்காரச் சாமியார், வயதானவர். "ஃபாதர், நான் ஒரு குதிரையை விற்றேன்" என்று தொடங்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாங்கினவருக்குச் சந்தோஷமா என்று விசாரித்தார். ரொம்பச் சந்தோஷம் என்றேன். "அப்புறம் என்ன பாவம்?" "புருஷனிடம் மறைத்துவிட்டேன் ஃபாதர்." "ஆ" என்றார். பரிகாரமாக, நான் போய் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார். மூன்று அருள்நிறை மந்திரம் என்றால் காரிலேயே முடித்திருப்பேன். இது முடியவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. புது அட்டை வந்தது, பழைய வேலை திரும்பக் கிடைத்தது, கிரீன் கார்டுக்கு எங்கள் முறையும் வந்தது.

அதற்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பக்கம் பக்கமாக "நீங்கள் எப்போதாவது" கேள்விகள். எப்போதாவது ஆட்கடத்தினீர்களா, வெடிகுண்டு வைத்தீர்களா, ஆயுதக் குழுவில் சேர்ந்தீர்களா? சிஸ்டர் கொடுத்த தாளின் அமெரிக்கப் பதிப்பு. எங்கள் வக்கீல் லிண்டா எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடச் சொல்ல, நானும் போட்டுக்கொண்டே வந்தேன். "அனுமதியில்லாமல் எப்போதாவது வேலை பார்த்தீர்களா?" வந்தபோது கை நின்றது. லிண்டாவிடம் கேட்கலாம். ஆனால் பக்கத்தில் ஜெரால்டு இருந்தார். 'இல்லை' போட்டேன். அன்றிலிருந்து ஜெபமாலையைக் கையில் எடுத்தாலே அந்த 'இல்லை'தான் கண்ணில் வந்தது.

நேர்காணல் நாள். பன்னிரண்டு வருடக் காத்திருப்பு. ஜெரால்டு எங்கள் வாழ்க்கையையே மூன்று ஃபைல்களில் அடுக்கி எடுத்துக்கொண்டார். அவருடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், எங்கள் கல்யாண ஆல்பம், ரேச்சலின் தடுப்பூசி அட்டை, எதையும் விடவில்லை. காரில் போகும்போது முப்பது தடவை சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. யெஸ், நோ. அவ்வளவுதான். தயவுசெஞ்சு கத சொல்லாத." சாம்பல் நிறக் கோட்டில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அதைப் பார்க்காமல் இருக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதிகாரி நல்ல மனிதர். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பிறகு எங்களை எழுந்து நிற்கச் சொல்லி, வலது கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் வாங்கினார். அந்தச் சத்தியம்தான் என்னைக் கவிழ்த்தது. ஜெரால்டிடம் கேள்விகள் முடிந்தன. ஃபைலில் எதையும் அவர் கேட்கவில்லை என்பதில் ஜெரால்டுக்கு லேசான வருத்தம். பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பினார். (பேசியது ஆங்கிலத்தில். அந்தக் கண்றாவியைத் தமிழில் தருகிறேன்.)

"அமெரிக்காவில் எப்போதாவது அனுமதியில்லாமல்..."

"ஒரு குதிரையை விற்றேன்" என்றேன்.

எங்களோடு வந்திருந்த லிண்டா பேனாவைக் கீழே வைத்தார்.

"குதிரையா?"

"ஆமாம் சார். நானூறு டாலருக்கு. டெக்சாஸில் ஒருவருக்கு."

அதிகாரி கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தார். "என்ன மாதிரிக் குதிரை?"

"வெள்ளை."

"எங்கே வைத்திருந்தீர்கள்?"

"வீட்டில்."

அவர் முகவரியைப் பார்த்தார். "நீங்கள் இருப்பது அபார்ட்மென்ட் இல்லையா?"

"இரண்டாவது மாடி" என்றேன். மறைக்கக் கூடாது அல்லவா?

"யார் பராமரித்தது?"

"நான்தான். மூன்று வேளை தீனி. மகள் இரண்டு நாள் போட்டாள், அப்புறம் அலுத்துவிட்டது."

ஜெரால்டு என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் தண்ணீர் தாகம் எடுக்கிறது. பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர், எந்த அறையில் குதிரை நின்றது என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தார். லிண்டா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"டெக்சாஸுக்கு எப்படி அனுப்பினீர்கள்?"

"பறந்து போயிற்று சார். சிறகு உண்டு."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அப்போதுதான் முக்கியமானதைச் சொல்லாமல் விட்டது எனக்கு உறைத்தது. "சார், அந்தக் குதிரை கிடையாது" என்றேன் அவசரமாக.

"இல்லாத குதிரையையா ஒருவருக்கு நானூறு டாலருக்கு விற்றீர்கள்?"

"ஆமாம். அவருக்கு ரொம்பச் சந்தோஷம்."

"என் கட்சிக்காரரிடம் ஒரு நிமிடம் பேசலாமா?" என்றார் லிண்டா, கைகளுக்குள்ளிருந்து.

பேசினோம். பிறகு கேம், சந்தை, பலகை எல்லாவற்றையும் அதிகாரியிடமே சொன்னேன். அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு வந்த அதே சந்தேகங்களை வரிசையாகக் கேட்டார். முட்டையிலிருந்தா குதிரை? கதவை மட்டும் வாங்கி என்ன செய்வார்கள்? நாய் வாங்காதவர் கடைசியில் நாய் வாங்கினாரா? வாங்கினார், சார், ஆனால் அதற்குக் காளான் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். கடைசியாக, "அந்தப் பணத்தை என்ன செய்தீர்கள்?" என்றார்.

நான் விரலை நீட்டினேன். "அந்தக் கோட்டு."

அதிகாரி, லிண்டா, நான், மூவரும் ஜெரால்டின் கோட்டைப் பார்த்தோம். ஜெரால்டும் குனிந்து தன் கோட்டைப் பார்த்தார். "நாப்பது டாலர்னியே ஏட்டி" என்றார் மெதுவாக, தமிழில்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் சொன்னது எல்லாம் பதிவாகிவிட்டது, இனி எனக்குக் கடிதம் வரும், அதற்கு ஆதாரத்தோடு பதில் தர வேண்டும் என்றார். கார் நிறுத்துமிடத்தில் லிண்டா சொன்னார், சொந்தப் பொருளை ஒரு தடவை விற்பது வேலையே ஆகாதாம். முன்பே கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாராம். "இப்போது அது சொந்தப் பொருள் என்றும், கேம் பொருள் என்றும், ஒரே தடவைதான் விற்றாய் என்றும் காகிதத்தில் காட்ட வேண்டும். கேம் கணக்கைத் திற, பிரின்ட் எடுக்கலாம்" என்றார். அழித்துவிட்டேன் என்றேன். லிண்டா தன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜெரால்டு வீட்டு வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "கோட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கடிதம் வந்தது. குதிரை தொடர்பான சான்றுகளை அனுப்பப் பன்னிரண்டு வாரம் அவகாசம். கேம் கம்பெனிக்கு எழுதினோம். அழித்த கணக்கு அழித்ததுதான் என்று பதில் வந்தது. மிச்சமிருந்த ஒரே சாட்சி டக். அவருடைய முகவரியோ போன் நம்பரோ என்னிடம் இல்லை. அவர் இருக்குமிடம் அந்தத் தீவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, கையில் ஒரு குச்சியோடு புதுசாகப் பிறந்த பொம்மையாக நான் அந்தத் தீவின் வடகரையில் இறங்கினேன். சந்தை தீவின் நடுவில். வழி முழுக்க ஓநாய். முன்பு நான் வசதியாக இருந்த காலத்தில் இந்த ஓநாய்கள் என்னைப் பார்த்து ஒதுங்கிப்போகும். இப்போது வரிசையில் வந்து கடித்தன. ரேச்சல் வழி சொல்ல, ஜெரால்டு தோசைக் கரண்டியோடு என் பின்னால் நின்றார்.

"ஏட்டி, எடப்பக்கம் ஓநாய்! எடப்பக்கம்!"

"பாத்துட்டேன், கத்தாதீய!"

"பாத்துட்டு ஏன் நிக்க? ஓடு!"

ஏழு தடவை செத்தேன். "தள்ளு, நான் ஓட்டுதேன்" என்று ஜெரால்டு உட்கார்ந்தார். நான்கே அடியில் செத்தார். ரேச்சல், "அப்பா, யூ வாக்ட் இன்டு த வுல்ஃப்" என்றாள். அவர் விடவில்லை. பத்து மணிக்கு அவர் கண்ணில் ஒரு நீலப் புள்ளி பட்டது. "இதான் அந்தக் காளானா? எவ்வளவு போவும்?" என்று கேட்டார். தோசை கருகிய வாடை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

மத்தியானம் சந்தைக்குள் நுழைந்தோம். கூட்டத்துக்கு நடுவில், கிணற்றடியில், சந்தியாகு நின்றுகொண்டிருந்தது. சிறகுகள் முன்பைவிடப் பெரிதாக, பளபளவென்று இருந்தன. பெயர்ப்பலகையில் நான் வைத்த பெயர் அப்படியே இருந்தது. எனக்கு முன்னால் ஜெரால்டு, "அந்தா! அந்தா நம்ம குதிர!" என்று கத்தினார்.

மேலே உட்கார்ந்திருந்த டக்கிடம் நான் யார் என்று சொன்னேன். நான் திடீரென்று மறைந்ததும் செத்துப்போய்விட்டேன் என்று நினைத்தாராம். கதையைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பதிலே காணோம். ஜெரால்டு கோபித்துக்கொண்டாரோ என்று நகத்தைக் கடித்தார். "சிரித்து முடிக்க வேண்டியிருந்தது" என்று வந்தது கடைசியில்.

அவர் நல்ல மனிதர். வாங்கிய ரசீதை பிரின்ட் எடுத்து, தன் ஊர் நோட்டரியிடம் போய் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து அனுப்பினார். நோட்டரி அம்மாள் இரண்டு தடவை எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கேட்டாராம். அதில் இருந்தது இவ்வளவுதான்: "சந்தியாகு என்ற குதிரையை நான் விலைக்கு வாங்கினேன். அப்படி ஒரு குதிரை கிடையாது. வாங்கும்போதே அது எனக்குத் தெரியும். இவர் எனக்கு விற்றது இது ஒன்றுதான். எனக்கு எந்தக் குறையும் இல்லை. குதிரை நலமாக இருக்கிறது."

லிண்டா அதைப் படித்துவிட்டு ஒரு நகல் தனக்கு வேண்டும் என்றார். இப்போது அது அவருடைய அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. மூன்று மாதம் கழித்து இரண்டு கார்டுகளும் தபாலில் வந்தன. தபால்பெட்டியைத் திறக்க ஜெரால்டு கோட்டுப் போட்டுக்கொண்டு போனார். அது ஜூலை மாதம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது குதிரைக் கோட்டு. ஊரிலிருந்து போன் பேசும் நாத்தனார் நலம் விசாரிப்பதே, "மைனி, குதிர எப்படி இருக்கு?" என்றுதான். ரேச்சல் காலேஜுக்கு எழுதிய கட்டுரைக்கே அம்மாவின் குதிரைதான் தலைப்பு. ஸ்டெல்லா ஆன்ட்டி மட்டும் இன்றுவரை, நாங்கள் குதிரை வளர்த்ததை அபார்ட்மென்ட்காரர்கள் எப்படிக் கண்டுபிடிக்கவில்லை என்று வியந்துகொண்டிருக்கிறார்.

போன கிறிஸ்துமஸுக்கு டக் வாழ்த்து அனுப்பியிருந்தார். முதுகுவலி, இனிமேல் அதிகம் பறப்பதில்லை, விருப்பமிருந்தால் நீங்களே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். விலை தொள்ளாயிரம் டாலர். என்னிடம் வாங்கியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. போனைப் போட்டு, இல்லாத குதிரைக்குத் தொள்ளாயிரம் டாலரா என்று நான் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ முழங்கையில் இடித்தார்கள். திரும்பினால் ஜெரால்டு. 'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு' என்று முப்பது தடவை படித்துப் படித்துச் சொன்ன மனிதர், போனைக் கையால் பொத்திக்கொண்டு என் காதில் கிசுகிசுத்தார்:

"எழுநூறுன்னு கேளு ஏட்டி. விட்றாத."